வாயில் விசிலோடு ஐயோ

எனக்கு விசிலென்றால் பயம். ஊதத் தெரியாத காலத்தில் இருந்த பயம் ஒரு மாதிரி, ஊதிப் பழகின பிறகு வந்த பயம் வேறு மாதிரி. பின்னதுதான் பொல்லாதது.

நான் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாட்டுக்கு நடுவராக நிற்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். சூரிச்சுக்கு மேற்கே ஷ்லீரனில் குடியிருக்கிறேன், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது, குளிருக்கு முழங்கால் குத்தும். இந்தக் கோலத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சேட்டும் கறுப்புத் தொப்பியுமாக மைதான ஓரத்தில் ஓடுகிறேன் என்பதைத் தமிழ்ப் பூசையில் பக்கத்து வாங்கில் இருக்கிற மனுசி இன்னும் நம்பவில்லை. "உண்மையாவோ? உந்தப் பெடியளுக்கு நடுவிலையோ?" என்று காணும்போதெல்லாம் கேட்கிறா. ஓம், உண்மையாகத்தான்.

எல்லாம் என் மகனால் வந்தது. எனக்கு அவன் ஒரே பிள்ளை. பள்ளிக்கூட நண்பனோடு ஒருநாள் பயிற்சி பார்க்கப் போனவன், அடுத்த வாரம் ஹெல்மெட்டோடு வீட்டுக்கு வந்தான். அந்தக் கண்டறியாத விளையாட்டை நான் முதன்முதலில் பார்த்த நாளைச் சாகும்வரை மறக்கமாட்டேன். பந்து உருண்டையாகக்கூட இல்லை, சின்னப் பப்பாளிப்பழம் மாதிரி. அதை ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட, மற்றப் பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் அவன்மேல் விழுந்து அவனை நிலத்தில் சாய்க்கவேண்டும். கட்டிப்பிடித்து ஓடுகிற அந்த ஒருவன் என் பிள்ளை. கால் கெதி, வேகமாக ஓடுவான் என்று அவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தப் போட்டி முழுக்கச் செபமாலையை உருட்டிக்கொண்டு இருந்தேன், எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பதே தெரியாமல் போய்விட்டது.

ஊரில் குண்டு விழுந்த சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பயமோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மனுசனே கேட்டார். அப்போது நான் பயந்தது எனக்காக. சின்ன வயதில் நமக்காகப் பயப்படுவது ஒன்றுமில்லை, ஓடினால் தீர்ந்தது. நான் பெற்றது வெளியே ஓட, நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற பயத்துக்கு எங்கே ஓடுவது? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் கை கால் முறியாமல், கழுத்து முறியாமல், போன மாதிரியே வீட்டுக்கு வரவேண்டும்.

அந்தப் போட்டியில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். விசில் ஊதியதும் எல்லோரும் நிற்கிறார்கள். மதம் பிடித்த மாதிரி ஓடிவந்த தடித்த பெடியன்கள்கூட அந்தச் சத்தத்துக்கு அடங்கி, கையைக் கொடுத்துக் கீழே கிடக்கிறவனைத் தூக்கிவிடுகிறார்கள். ஆகவே, மகன் விளையாடுகிற கழகத்தின் பெற்றோர் கூட்டத்தில், "எங்கள் கழகத்தில் இருந்து யாராவது நடுவராக வராவிட்டால் கழகத்துக்குக் கரைச்சல்" என்று கழகத் தலைவர் சொல்ல, எல்லாத் தகப்பன்மாரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, நான் கையைத் தூக்கினேன். விளையாட்டை நிப்பாட்டுகிற சாமான் எதுவோ அது என் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் என் கணக்கு. பக்கத்தில் இருந்த என் மனுசன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"உமக்கென்ன விசரோ? அது சாப்பாடு கொண்டுவாறதுக்குக் கேக்கேல்லை!"

"எனக்குக் காது கேக்கும்," என்றேன்.

சொந்தக் கழகத்தின் போட்டிகளுக்கு நடுவராக நிற்க விடமாட்டார்கள் என்பது பெயரைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஏமாந்துபோனேன் என்றே சொல்லவேண்டும். ஆனாலும், நான் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் என் பிள்ளையை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மாரி காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் பேர்ணுக்கு ரயில் ஏறி வகுப்புக்குப் போனேன்.

அங்கே எங்களுக்குப் படிப்பித்தவர் என்னைவிட வயதில் குறைந்த ஒரு சுவிஸ்காரர். கணினி வேலை. பிறகு நான் நின்ற போட்டிகளில் பெரும்பாலும் அவர்தான் தலைமை நடுவர். தலைமை நடுவருக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி, மற்றவர்களுக்குக் கறுப்பு. அதனால் வீட்டில் அவருக்கு வெள்ளைத்தொப்பி என்றே பெயர். முதல் வகுப்பிலேயே அவர் சொன்ன ஒன்று என்னைத் தூக்கிவாரிப்போட்டது. விசில் ஊதுவதால் விளையாட்டு நிற்பதில்லையாம். பந்து வைத்திருப்பவனின் முழங்கால் நிலத்தில் பட்ட அந்தக் கணமே பந்து செத்துப்போகிறது. நடுவர் ஊதுவது, செத்துவிட்டது என்று மற்றவர்களுக்கு அறிவிக்க மட்டும்.

நான் கையைத் தூக்கிக் கேட்டேன். "அப்ப, சாகாத பந்தை விசிலாலை நிப்பாட்ட ஏலாதோ?"

"ஏலும்," என்றார். "பிழையா ஊதினா. பந்து உயிரோடை இருக்கேக்கை தவறி ஊதினா, அந்த விசில் விளையாட்டைக் கொன்றுபோடும். ஒரு நடுவருக்கு அதைவிட வெட்கக்கேடு வேறை இல்லை." வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நிப்பாட்டுவதற்கென்றே வந்தவள் நான். நிப்பாட்டக்கூடிய ஒரே விசில் பிழையான விசில்தான் என்றால் நான் இங்கே என்ன செய்கிறேன்?

பயிற்சிக்குப் பிறகு உடை மாற்றுகிற அறையில் இந்த மனிதர்கள் கதைப்பதெல்லாம் விசிலைப் பற்றித்தான். எங்கள் ஆட்கள் மீன் கடையில் நின்று விளைமீனோ பாரையோ என்று சண்டை பிடிப்பதுபோல இவர்கள் விசிலுக்குச் சண்டை பிடிப்பார்கள். உள்ளே சின்ன உருண்டை ஓடுகிற பழைய உலோக விசிலுக்குத்தான் உயிர் இருக்கிறது என்பார் எங்கள் குழுவில் இருந்த தபால்காரர் ஒருவர். மழைக்கும் குளிருக்கும் அந்த உருண்டை எச்சிலில் ஒட்டிக்கொண்டு சத்தம் வராது என்று வெள்ளைத்தொப்பி மறுப்பார், உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசில்தான் காலை வாராது என்பார். தபால்காரர் தன் விசிலைப் போட்டிக்கு முன்னர் கைக்குக் கீழே கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்குவார். பிறகு அதையே வாயில் வைப்பார். என்ரை மாதாவே! ஒருநாள் அதைத் துடைத்து, "ஊதிப் பாரும், வித்தியாசம் தெரியும்," என்று என்னிடம் நீட்டினார். அந்த மனிதருக்கு நான் எப்படி எச்சில் என்ற சொல்லை விளங்கப்படுத்துவேன்? எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று பொய் சொல்லித் தப்பினேன்.

அடுத்த சண்டை, விசிலை எங்கே வைத்திருப்பது என்பது. கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுகிறவர்கள் ஒரு கட்சி. விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்கிறவர்கள் மறு கட்சி. கயிற்றுக் கட்சிக்குள்ளேயே இரண்டு பிரிவு: தேவைப்படும்போது மட்டும் வாயில் வைப்பவர்கள், ஆட்டம் தொடங்கினால் முடியும்வரை பல்லுக்குள் கடித்துக்கொண்டு நிற்பவர்கள். தபால்காரர் கடிக்கிற ஆள். அவர் விசிலின் வாய்ப்பக்கத்தில் ரப்பர் உறை போட்டிருப்பார், அந்த உறையில் பல் பதிந்து கிடக்கும். நான் யோசிக்காமல் கடிக்கிற கட்சியில் சேர்ந்தேன். பயந்தவள் வேறென்ன செய்வாள்? கழுத்தில் தொங்குகிறதைத் தேடிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஒரு பிள்ளையின் கழுத்து முறிந்துவிடும் என்பதுதான் என் நினைப்பு. நானும் ஒரு ரப்பர் உறை வாங்கி, அதை வேலைக்குக் கொண்டுபோய்க் கொதிதண்ணீரில் அவித்து எடுத்தேன், விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வசந்தத்தில், பேர்ணில் பதினாறு வயதுப் பெடியன்களின் போட்டி ஒன்று. என் மகனின் கழகம் இல்லை, முன்பின் தெரியாத பிள்ளைகள். நான் ஓரக்கோட்டு நடுவர். மெலிந்த ஒரு பெடியன் பந்தோடு என் பக்கம் ஓடிவந்தான். இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் வந்து அவனை மோதினார்கள். அவன் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. அவ்வளவுதான், என் வாயில் இருந்து வந்தது ஒரே சொல்.

"ஐயோ!"

வாயில் விசில் இருந்ததல்லவா. அந்த ஐயோ மைதானம் முழுக்கக் கேட்டது, மிகத் துப்புரவான, நீட்டான ஒரு விசில் சத்தமாக.

பிள்ளை விழவே இல்லை. சுழன்று இரண்டு பேரையும் உதறிவிட்டு, வெறும் வெளியில் ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தூக்கிக் காட்டினான். அவனுடைய ஆட்கள் துள்ளினார்கள். வெள்ளைத்தொப்பி என்னிடம் நடந்து வந்தார். ஓடி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நடந்து வந்தார். நான் பிழையாக ஊதிவிட்டேன், பந்து அந்த இடத்திலேயே செத்துவிட்டது, அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டி எடுத்த டச்டவுன் புள்ளிகள் செல்லாது. அவனுடைய பயிற்றுநர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். பெற்றோர் பக்கத்தில் இருந்து கூக்காட்டினார்கள். எனக்கு, பந்து செத்த இடத்தை அடையாளப்படுத்தும் சின்னப் பையை எங்கே போடுவது என்றுகூட மறந்துபோனது.

உடை மாற்றும் அறையில் வெள்ளைத்தொப்பி கேட்டார், ஏன் ஊதினேன் என்று. நான் ஊதவில்லை, ஐயோ என்றேன் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். தன் வாயருகே கையை வைத்துத் தானும் சொல்லிப் பார்த்தார், "ஐ-யோ," காற்று கையில் பட்டது. பிறகுதான் எனக்கே விளங்கியது. இவர்கள் பயந்தால் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், "ஹ்" என்று. தபால்காரர் எத்தனை தரம் பயந்தாலும் அவர் விசில் சத்தம் போடாது. நாங்கள் பயந்தால் மூச்சை வெளியே விடுகிற ஆட்கள். மாதாவே என்று கூப்பிட்டிருந்தாலாவது உதட்டை மூடவேண்டி வந்திருக்கும், தப்பியிருப்பேன். வந்து துலைத்தது ஐயோ.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். பெடியன்களின் தொலைபேசிகளில் அது சுற்றியது. கோடு போட்ட சேட்டில் ஒரு கறுத்த மனுசி, ஓடுகிற பிள்ளை, காரணமில்லாத விசில், பிறகு அந்த மனுசி தலையில் கை வைப்பது. அதற்குப் பேய் விசில் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றான்.

"அம்மா, எல்லாரும் பாத்திட்டாங்கள். என்ரை டீம் முழுக்க."

"நான் வேணுமெண்டு செய்யேல்லை, அப்பன். அந்தப் பிள்ளையின்ரை கழுத்து..."

"அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள் பயத்திலை ஊதுறீங்கள். பயந்து ஊதிறதெண்டா ஷிரியா இருக்காதேங்கோ." நடுவரை இங்கே பிள்ளைகள் ஷிரி என்றுதான் சொல்வார்கள். "பந்தைக் கண்டாப் பிறகு ஊதுங்கோ. பந்தைக் காணாட்டி ஊதாதேங்கோ. அவ்வளவுதான்."

அவன் குரலில் கோபம் இல்லை, அவமானம் இருந்தது. அதுதான் எனக்குச் சுட்டது. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வெள்ளைத்தொப்பி என்னை நிப்பாட்டவில்லை. இன்னொரு தரம் இப்படி நடந்தால் மைதானத்தில் இருந்து எடுத்து மணிக்கூடு பார்க்கிற மேசையில் இருத்தவேண்டி வரும் என்று மட்டும் சொன்னார், பிறகு என் கழுத்துக் கயிற்றைக் கழற்றச் சொல்லி, விரலில் மாட்டுகிற விசில் ஒன்றைத் தந்தார். புதியது, பெட்டி உடைக்காதது, எச்சில் பிரச்சினை இல்லை. கையில் இருந்து வாய்க்குப் போகிற அந்த இடைவெளிக்குள் கண் பந்தைத் தேடிப் பிடித்துவிடும், அதுதான் அதன் பயன் என்றார். வலக்கை, பிழை கண்டால் மஞ்சள் துணி எறிவதற்கு வேண்டும். ஆகவே விசில் இடக்கையில்.

இடக்கையில்! பிறந்த நாளில் இருந்து இடக்கையை வாயண்டை கொண்டுபோகாதே என்று அடி வாங்கி வளர்ந்தவள் நான். சோறு வலக்கை, பூசையில் நன்மை வாங்குவது வலக்கை, பிள்ளைக்குக் கஞ்சி தீத்தினது வலக்கை. விசில் மாட்டிய இடக்கை வாய்க்குக் கீழே நாடிவரைக்கும் வரும், அங்கே ஒரு கணம் நிற்கும், நான் மனதால் பிடித்துத் தள்ளினால்தான் வாய்க்குப் போகும். சமையலறையில் நீராவி அடுப்பு கூவும்போதெல்லாம் பழகிப் பார்த்தேன். வீட்டில் தொலைக்காட்சியில் போட்டியைப் போட்டுவிட்டுப் பழகினேன். என் மனுசன் கதிரையில் சாய்ந்திருந்து நக்கலடித்தார்.

"நீர் ஊதிறதுக்குள்ளை அவன் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வந்திடுவான்."

ஆனால் மைதானத்தில் அந்தத் தயக்கம் அச்சாவாக வேலை செய்தது. கை நாடியில் நிற்கிற அந்தக் கணத்தில் முழங்கால் நிலத்தில் படுவது தெரிந்தது, தோல் பந்து கைக்குள் இருப்பது தெரிந்தது, அதன் பிறகு விசில். ஐயோ வந்தால் வெறும் ஐயோவாகவே வந்துபோனது, யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் கோடை முழுக்க ஒரு பிழையான விசிலும் இல்லை. தன் குழுவில் பொறுமையான விசில் என்னுடையதுதான் என்று வெள்ளைத்தொப்பி மற்றவர்களுக்குச் சொன்னார். என் பயம் போய்விட்டதென்று அவர் நினைத்திருப்பார். அது எங்கேயும் போகவில்லை. நான் நிற்கிற ஒவ்வொரு மைதானத்திலும் அதுவும் என்னோடு வந்து நின்றது, வேறெங்கோ ஒரு மைதானத்தில் என் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தான்.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் என் மகனின் கழகம் ஒரு நட்புப் போட்டி வைத்தது. வரவேண்டிய நடுவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். நட்புப் போட்டிதானே, இரண்டு பயிற்றுநருக்கும் சம்மதமென்றால் சொந்தக் கழகத்து ஆளும் நிற்கலாம் என்று வெள்ளைத்தொப்பி எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் மாட்டேன் என்றேன். ஒருகாலத்தில் நான் கேட்டதே இதைத்தான். கிட்ட வந்தபோது வேண்டாம் என்றாகிவிட்டது. தொலைபேசியை வைக்கமுன் மகன் அறையில் இருந்து வெளியே வந்தான்.

"வாங்கோவன் அம்மா. நீங்கள் இப்ப வடிவா ஊதுறீங்கள். எங்கடை கோச்சே சொன்னவர்."

அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி இல்லையென்பது? மைதானத்தில் நான் அவனுக்கு அம்மா இல்லை, அவன் எனக்குப் பிள்ளை இல்லை என்று பேசிக்கொண்டோம். அவன் என்னை ஷிரி என்று கூப்பிடுவான், நான் அவனை முதுகில் உள்ள எண்ணால் கூப்பிடுவேன். ஒப்பந்தம் போட்டுக் கையும் கொடுத்தான், குறும்பன்.

தூறலும் குளிருமான ஒரு பின்னேரம். பக்கத்தில் ரயில் பாதை, அதற்கு அப்பால் தொழிற்சாலைக் கூரைகள். தலைமையில் வெள்ளைத்தொப்பி, எதிர்ப்பக்கக் கோட்டில் தபால்காரர், என் பிள்ளை இருந்த பக்கக் கோட்டில் நான். முதற்பாதி முழுக்க அவன் விழுந்த ஒவ்வொரு தரமும் நான் பார்த்தேன், கை நாடியில் நின்றது, பந்தைக் கண்டேன், ஊதினேன். அவன் எழும்பிப் போகும்போது, "நன்றி, ஷிரி," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதியில் பந்து அவன் கைக்கு வந்தது. என் பக்கமாகவே ஓடிவந்தான். எதிர்ப்பக்கத்துக் கனத்த பெடியன் ஒருவன் குனிந்து வந்து அவன் இடுப்பில் மோத, பந்து கையில் இருந்து நழுவியது. நழுவின பந்து உயிருள்ள பந்து. யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு. "பந்து! பந்து!" என்று எல்லாப் பக்கத்தாலும் கத்தினார்கள். என் பிள்ளை நிலத்தில் விழுந்தபடியே அதன்மேல் பாய்ந்தான், அல்லது பாய்ந்தான் என்று நினைத்தேன். அவன்மேல் ஒருவன் விழுந்தான். அதற்குமேல் இன்னொருவன்.

நான் எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றேன். கால்களுக்கும் கைகளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அதற்குள்ளால் ஒரு ஹெல்மெட், ஹெல்மெட் கம்பிகளுக்குப் பின்னால் அவன் முகம். பந்து எங்கே என்று தெரியவில்லை. அவன் வயிற்றுக்குக் கீழே இருக்கலாம், பக்கத்தில் உருளலாம், வேறொருவன் கைக்குள் போயிருக்கலாம். இடக்கை நாடிக்கு வந்துவிட்டது. விசில் உதட்டில் படுகிற தூரம். பந்தைக் காணாமல் ஊதினால் அது பிழையான விசில். பிழையான விசில் என்றால் உடனே எல்லோரும் நிற்பார்கள், எழும்புவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நின்றேன். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து அந்தக் குவியலில் பாய்ந்தார்கள்.

அப்போது அடியில் இருந்து அந்தக் குரல் கேட்டது.

"அம்மா!"

நாங்கள் கால்விரல் கதவில் அடிபட்டாலும் அம்மா என்கிற ஆட்கள். இங்கே பிறந்து, கனவையும் ஜெர்மனில் காண்கிற என் பிள்ளைக்கும் நோவு மட்டும் தமிழில்தான் வரும். ஊசி போட்டபோதும் அப்படித்தான், சைக்கிளில் இருந்து விழுந்தபோதும் அப்படித்தான். இது அந்த அம்மாவோ, என்னைக் கூப்பிட்ட அம்மாவோ? மைதானத்தில் நான் அவனுக்கு அம்மா இல்லை என்று கை கொடுத்திருந்தான். கை நாடியிலேயே நின்றது. கண்ணை நான் அவன் முகத்தில் இருந்து பிடுங்கி எடுத்துப் பந்தைத் தேடினேன்.

குவியலின் மறுபக்கத்தில் எதிரணிப் பெடியன் ஒருவனின் நெஞ்சோடு மண்ணிறத் தோல் தெரிந்தது. கண்டேன். ஊதினேன். நீளமாக, துப்புரவாக, ஒரு நடுவர் ஊதவேண்டிய மாதிரி. மைதானத்தின் நடுவில் இருந்து வெள்ளைத்தொப்பி எனக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொருவராக எழும்பினார்கள். என் பிள்ளை எழும்பவில்லை. வலப்பக்கத் தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கிடந்தான்.

தோளடியில் காறையெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இந்த விளையாட்டில் இது சர்வசாதாரணம், பொருந்திவிடும், பயப்படத் தேவையில்லை என்றார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முதல் அடியில் முறிந்ததோ, பிறகு மேலே விழுந்தவர்களால் முறிந்ததோ? அதை எப்படிச் சொல்வது, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றார். முதல் அடிதான், நிச்சயம் முதல் அடிதான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இடுப்பில்தானே மோதினான் என்று உள்ளே இன்னொரு குரல் சொன்னது. தொலைபேசியில் வெள்ளைத்தொப்பியின் செய்தி வந்திருந்தது. பிள்ளை எப்படி என்று கேட்டு, கீழே, தன் அனுபவத்திலேயே அவ்வளவு கஷ்டமான இடத்தில் அவ்வளவு சரியான விசிலைக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். என் மனுசன் அதை என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார்.

மகன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் இன்னும் கோடு போட்ட சேட்டோடுதான் இருந்தேன், மேலே ஒரு ஜக்கெட்டைப் போட்டு மூடியிருந்தேன். தலைமயிரைத் தடவப் போனேன், விட்டான்.

"முதல் அடியிலை எனக்கொண்டும் நடக்கேல்லை," என்றான். "பந்தைத் தேடிக்கொண்டுதான் கிடந்தனான். பிறகுதான், கடைசியா இன்னும் ரெண்டு பேர் ஓடிவந்து விழுந்தவங்கள். அப்பதான் முறிஞ்சது. சத்தம் கேட்டது எனக்கு."

நான் ஜக்கெட்டைக் கழுத்துவரைக்கும் இழுத்து மூடினேன்.

"நான் உங்களைப் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான், அம்மா. கை வாயடியிலை இருந்தது. ஏன் ஊதேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டான். சின்னனில் எதையாவது கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பானே, அதே முகம்.

"பந்தைக் காணேல்லை, ராசா," என்றேன்.

"என்னைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்," என்றேன்.